சுமை வண்டியில் எழும் இடிசத்தம்: காரணத்தைக் கண்டறியும் முறை

வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் விளையும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா முதலியனவும், மொனராகலையில் அறுவடையாகும் நெல்லும் சிறிய பிக்கப் வண்டிகளிலும் சந்தைக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தமையால், கமக்காரரிடம் உள்ள வண்டிகளிற் பல பழையனவாகும். இவற்றில் "டொக், டொக்" என இடிக்குஞ் சத்தம் எழும்போது, அது கேளாதிருக்க வானொலியை உரக்க வைக்கும் சாரதிகளும் உளர். எல்லவிலிருந்து வெல்லவாய வரையுள்ள இறக்கத்தில் முன்சக்கர மூட்டொன்று கழன்றால் இழக்கப்படுவது மரக்கறி மட்டுமன்று.

சத்தம் எங்கே எழுகிறது என்று தேடுமுன், எப்போது எழுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, கியர் மாற்றும்போதா, வளைவிலா? சுமையுடன் ஒரு முறையும் சுமையின்றி ஒரு முறையும் ஓட்டிப் பார்த்தல் நன்று. அதற்கு முன்னர் ஜாக்கி, உபரிச் சக்கரம், பின் கதவு, பற்றரி, புகைக்குழாய் என்பன தளர்ந்துள்ளனவா எனக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பெருஞ் செலவாகும் என்று அஞ்சப்பட்ட சத்தம், ஆசனத்தின் பின்னே கிடந்த ஜாக்கியின் சத்தமாக இருத்தலும் உண்டு. சக்கர நட்டுகளையும் அப்போதே முறுக்கிப் பார்த்தல் அவசியம். நட்டுத் தளர்ந்த சக்கரத்துடன் ஒரு கட்டையேனும் ஓட்டலாகாது.

பள்ளங்களிற் பின்புறத்தில் இடித்தால் வில்லுத் தகடுகளைப் பார்க்க வேண்டும். முக்கால் தொன் ஏற்ற அமைந்த வண்டிக்கு 50 கிலோ மூடை 15 தான் அளவு. 25 மூடை ஏற்றினால் 1,250 கிலோவாகும். மேலதிகச் சுமையால் தகடு வெடிக்கும். தகடுகளை இணைக்கும் நடுப் போல்ட் முறியும். நுனியிலுள்ள இறப்பர் புஷ் நசியும். நடுப் போல்ட் முறிந்தால் அச்சு இடம்பெயர, வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தோடும். சாரதிகள் யூ-போல்ட் எனக் கூறும் வளைந்த போல்ட்டுகளின் அருகே தகட்டில் புதிதாக உராய்ந்த மினுக்கம் தெரிந்தால், அவை தளர்ந்துள்ளன என்பது பொருள்.

புறப்படும்போதும், முன் கியரிலிருந்து பின் கியருக்கு மாற்றும்போதும் ஒரே ஒரு முறை "டக்" என்று கேட்பின், பின் சக்கரங்களைச் சுழற்றும் நீண்ட தண்டின் குறுக்கு மூட்டுகளைச் சந்தேகிக்கலாம். வயற்சேறும் நீரும் கிறீசைக் கழுவிவிடுவதால் இவை தேய்கின்றன. மூட்டைச் சூழச் செந்நிறத் துருத்தூள் படிந்திருத்தல் நல்ல அடையாளம். சமநிலத்தில் எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டுத் தண்டைக் கையால் திருகுக. சிறிது சுழல்வது இயல்பே. மூட்டின் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று அசையுமாயின் அது தேய்ந்துவிட்டது.

முன்புறச் சத்தமே மிகவும் கவனிக்கத்தக்கது. முன் சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா எனப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருப்பின், வேறொருவர் ஆசனத்தில் அமர்ந்து பிரேக்கை அழுத்துக. அப்போது ஆட்டம் நின்றால் குற்றம் சக்கர பெயாரிங்கிலும், நிற்காவிடின் போல் ஜொயின்ட் போன்ற மூட்டிலும் உள்ளது. இடமும் வலமுமாக அசைத்து வரும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங் கோல்களின் நுனிகளுக்குரியது. இவற்றுள் எது தெரிந்தாலும் அவ்வண்டியில் மலையிறக்கம் செல்லலாகாது. பின் தட்டில் வேலையாட்களை ஏற்றுதல் ஒருபோதும் கூடாது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இடித்தால், பிரேக் பகுதிகளின் போல்ட்டுகளும் முன் கைகளின் புஷ்களும் சோதிக்கத்தக்கவை.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் நுழைந்து உயிரிழந்தோர் உண்டு. உறுதியான மரக்கட்டையை அடியில் வைத்த பின்னரே கையை நீட்ட வேண்டும். செங்கல், சீமெந்துக் கல் என்பன திடீரென நொறுங்கும்.

கராஜில் "சத்தம் வருகிறது" என்று மாத்திரம் சொல்லாது, எந்த வேகத்தில், எந்தச் சுமையில், எந்தப் பக்கத்தில் என்பதையும் கூறினால் தேவையற்ற பாகங்களை மாற்றுஞ் செலவு குறையும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும். வில்லுத் தகடு மாற்றிய வண்டியில், சில நாட்கள் சுமையுடன் ஓடிய பின் யூ-போல்ட்டுகளை மீண்டும் முறுக்குவித்தல் வேண்டும்.