இரண்டு எஞ்சினிலிருந்து ஒன்று: பழைய மொறிஸ் மைனரை மீட்குமுன் போடவேண்டிய கணக்கு

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் பழைய மொறிஸ் மைனர்களின் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் என்று நம்பமுடியாது. ஒன்றின் புளொக், இன்னொன்றின் ஹெட், மூன்றாவதன் காபரேற்றர் என்று சேர்த்துக் கட்டியவை பல. இன்று 'ஹைபிரிட்' என்றால் பற்றரியும் பெற்றோலும் சேர்ந்த புதுக் கார் என்றே நினைக்கிறோம். நான் இங்கே சொல்வது அதற்கு முந்திய கலப்பு.

இந்தக் கலப்பு ஆசைக்காகச் செய்யப்பட்டதல்ல. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட பின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. உதிரிப்பாகம் அரிதானது. எஞ்சினைச் சிறிதளவு பெற்றோலில் ஸ்ராற் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே அதற்குக் காரணம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலையே நீர்த்துப்போகச் செய்யும். அதனால் பிஸ்டன் வளையங்களும் பெயாரிங்குகளும் தேயும். தேய்ந்ததற்குப் பதில் புதியது கிடைக்காதபோது, ஓடாமல் கிடந்த இன்னொரு வாகனத்திலிருந்து கழற்றிப் பூட்டினார்கள்.

எங்கள் வீட்டு முற்றத்திலும் அப்பாவின் மைனர் ஒன்று நிற்கிறது. 1995 இடம்பெயர்வின்போது விட்டுப்போன கார். திரும்பி வந்தபோது புளொக் இருந்தது, ஹெட் இல்லை. அதை ஓடவைக்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். அதற்காகக் கராஜ்களில் கேட்டுத் திரிந்து அறிந்ததையும், கையேடுகளில் படித்துச் சரிபார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் காசில் இப்படி ஒரு வேலையைத் தொடங்குபவர்கள் பலர். கணக்குப் பார்க்காமல் தொடங்கினால் காசும் போகும், மிஞ்சியிருந்த புளொக்கும் போகும்.

முதலில் உங்களிடம் இருப்பது எது என்று அறியுங்கள். மைனரில் 1952 முதல் 803 சிசி, 1956 முதல் 948 சிசி, 1962 முதல் 1098 சிசி எஞ்சின்கள் வந்தன. மூன்றும் 'ஏ சீரிஸ்' என்ற ஒரே குடும்பம். அதனால்தான் ஒன்றின் பாகம் மற்றதில் ஏறும் என்ற நம்பிக்கை. ஆனால் பூட்ட முடிவது வேறு, பொருந்துவது வேறு.

ஹெட்டை எடுத்துக்கொள்வோம். 948 எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 32.5 சிசி. இரண்டையும் கூட்டி, மிஞ்சும் இடத்தால் வகுத்தால் 8.3 வரும். இதுதான் அமுக்க விகிதம். எரியறை 4 சிசி பெரிதான வேறொரு ஹெட்டைப் பூட்டினால் அது 7.5 ஆக இறங்கும். வண்டி ஓடும், ஆனால் இழுவை குறையும். மாறாக, 1098 எஞ்சினின் 8.5 விகிதம், எரியறை 4 சிசி சிறிதான ஹெட்டால் 9.4 வரை ஏறிவிடும். அப்போது எஞ்சின் 'நொக்' அடிக்கும். தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் உடையும். மண்ணெண்ணெய் இன்னும் எளிதாக நொக் அடிக்கும் எரிபொருள் என்பதால், அந்நாட்களில் குறைந்த விகிதம் உதவியாக இருந்தது. இன்று பெற்றோலில் ஓடுபவருக்கு அது வெறும் இழப்புத்தான்.

எரியறையை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வால்வுகளையும் பிளக்கையும் பூட்டிய ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிறீஸ் பூசி ஒட்டி, மருந்தேற்றும் சிறிஞ்சால் மண்ணெண்ணெய் விடுங்கள். எத்தனை சிசி கொண்டதோ அதுவே அளவு.

அடுத்தது கிராங்க். 948இன் புளொக்கில் 1098இன் கிராங்கைப் போட்டால் சக்தி கூடும் என்று சிலர் சொல்வார்கள். முன்னதில் பிஸ்டன் 76.2 மில்லிமீற்றரும் பின்னதில் 83.72 மில்லிமீற்றரும் ஏறி இறங்குகிறது. வித்தியாசத்தில் பாதி, அதாவது 3.76 மில்லிமீற்றர், பிஸ்டன் கூடுதலாக மேலே வரும். பழைய பிஸ்டனோடு பூட்டினால் அது ஹெட்டில் இடிக்கும். பிஸ்டனையும் மாற்றவேண்டும், அதற்காகச் சிலிண்டரையும் கடையவேண்டும். அந்தச் செலவுக்கு முழு 1098 எஞ்சினையே தேடுவது மேல்.

1275 சிசி ஹெட்டும் இப்படித்தான். அதன் வால்வுகள் பெரியவை. சிறிய சிலிண்டருள்ள புளொக்கில் பூட்டினால், திறக்கும் எக்சோஸ்ற் வால்வ் சிலிண்டரின் விளிம்பில் முட்டும். புளொக்கை அந்த இடத்தில் குடையாமல் அது பொருந்தாது.

எஞ்சினோடு விடயம் முடிவதில்லை. 948இன் கிளச் 6¼ அங்குலம், 1098இன் கிளச் 7¼ அங்குலம். எனவே எஞ்சினை மாற்றினால் கியர்பொக்ஸையும் சேர்த்து யோசியுங்கள்.

போல்ற்றுகளிலும் கவனம் வேண்டும். 5/16 அங்குலப் போல்ற்றின் விட்டம் 7.94 மில்லிமீற்றர். ஜப்பான் வாகனத்தின் 8 மில்லிமீற்றர் போல்ற் அதன் இரட்டைப்பிள்ளை போலிருக்கும். ஆனால் புரியிடைவெளி ஒன்றில் 1.06, மற்றதில் 1.25. பலவந்தமாக முறுக்கினால் புளொக்கின் புரி கிழிந்துவிடும்.

எல்லாம் சேர்த்தபின், பிஸ்டனின் தலையில் பிள்ளைகள் விளையாடும் மென்களியைத் தட்டையாக வைத்து, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது தடித்தால் நிறுத்துங்கள். கழற்றிப் பார்க்கையில் களி எங்கு நசுங்கியிருக்கிறதோ அங்கேதான் ஆபத்து.

எங்கள் காரில் 948இன் புளொக்கும் கிராங்கும் அப்படியே இருக்கப்போகின்றன. எரியறையை அளந்தபிறகே ஹெட் வாங்குவது என்று முடிவெடுத்திருக்கிறேன். அளவுகளை ஒரு கொப்பியில் எழுதியும் வைக்கிறேன். தடைக்காலத்தில் இந்த வேலையைச் செய்த மெக்கானிக்குகள் அளவுகளை விரல் நுனியில் வைத்திருந்தார்கள். எழுதிவைக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. அவர்களில் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், எஞ்சினைக் கழற்றுமுன் அவரிடம் ஒரு கொப்பியோடு போங்கள்.