பாதத்தை அளந்த பிறகு பணத்தை எடுங்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் விரல் பட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். போன பங்குனியில் ஒரு நாள் ஜரிகை வாங்கி, வங்கிக்குப் போய், ராஜாஜி மார்க்கெட்டில் காய் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். வாசலில் கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியது. செருப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஓர் ஆணி ஏறி, முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறார். வலிக்கவே இல்லை. பதினைந்து வருடச் சர்க்கரை.

ஆணி தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தச் செருப்பே அவருக்கு ஒரு சைஸ் சின்னது. "லூசா இருந்தா போட்ட மாதிரியே இல்லண்ணா, கொஞ்சம் கப்புன்னு பிடிச்சாத்தான் நடக்க வருது" என்றார். கால் மரத்துப்போனவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். சரியான அளவுச் செருப்பு அவர்களுக்குத் தளர்வாகத் தோன்றும். இறுக்கினால்தான் ஏதோ தொட்டது போல உணர்வு வரும். அதனால் தேடித் தேடிச் சின்ன சைஸாகவே வாங்குவார்கள். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை உள்ளவர்கள் 'போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது' என்று சொல்வதை அவர்களே நம்பக்கூடாது.

காந்தி ரோட்டில் பட்டு எடுக்க வருகிறவர்கள் நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கிறார்கள், சில்க் மார்க் முத்திரை கேட்கிறார்கள். அதே ஆட்கள் செருப்புக் கடையில் நின்ற வாக்கில் ஒரு காலை மட்டும் நுழைத்துவிட்டு, "சரிப்பா, கட்டு" என்கிறார்கள். கடைப் பையன் தன் பங்குக்கு, "போகப் போக விரிஞ்சு குடுக்கும்ணா" என்பான். தோல் கொஞ்சம் விரியும், உண்மைதான். ஆனால் ரெக்சினும் பிளாஸ்டிக்கும் விரியாது. பாதம்தான் விட்டுக்கொடுக்கும்.

அளவெடுக்கக் காசு வேண்டாம், இரண்டு தாள் போதும். சாயங்காலம் எடுங்கள், நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பவருக்கும், கடையில் நிற்பவருக்கும் அந்த நேரத்தில்தான் பாதம் வீங்கி முழு அளவில் இருக்கும். உட்கார்ந்துகொண்டு எடுக்காதீர்கள். எடை முழுக்கக் காலில் இறங்கும்படி நின்று, இன்னொருவரை விட்டு, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனித் தாள். கட்டைவிரல்தான் நீளமான விரல் என்று முடிவு கட்ட வேண்டாம். பலருக்கு அடுத்த விரல் அதைத் தாண்டி நிற்கும். வரைந்ததை வெட்டி, குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை சென்டிமீட்டரில் அளந்து, தாளிலேயே எழுதி வையுங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது. பெரிய காலுக்கு எது பொருந்துகிறதோ அதுதான் உங்கள் சைஸ்.

கடையில் அந்தத் தாள்காலை ஷூவுக்குள் செருகுங்கள். ஓரம் எங்காவது மடங்கினாலோ சுருண்டாலோ அந்த ஜோடி வேண்டாம். மடங்காமல் படுத்து, விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது மிச்சம் இருந்தால் பிறகு காலை விடலாம். உள்ளே கழற்றக்கூடிய மெத்தை இருந்தால் உருவித் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று பாருங்கள். சுண்டுவிரல் வெளியே வழிகிறதா? பெட்டியில் என்ன எண் போட்டிருந்தாலும் உங்களுக்கு அது சின்னதுதான். குல்மார்க்கிலும் ஔலியிலும் பனிச்சறுக்குக்கு பூட்ஸ் எடுப்பவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரலை முன்னால் முட்டவைத்து, குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை விரல் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த பூட்ஸின் எண்ணே பாத நீளத்தின் சென்டிமீட்டர் கணக்குதான்: 26.5 என்றால் 26.5 சென்டிமீட்டர். நம் கடைகளிலோ பிரிட்டிஷ் எண், ஐரோப்பிய எண், அமெரிக்க எண் மூன்றும் கலந்து கிடக்கின்றன. ஒரு கம்பெனியின் 8 இன்னொரு கம்பெனியின் 7. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதம் அளந்து பார்த்தது. மேலை நாட்டாரைவிட நமக்குப் பாதம் அகலம் என்று தெரிந்தது. 'ப' (Bha) என்ற பெயரில் இந்திய அளவு முறையும் தயாரானது. அது ஊர்க் கடைக்கு வந்து சேரும் வரைக்கும் எண்ணை நம்பாதீர்கள், தாளை நம்புங்கள்.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. இந்த 2,500-க்குள்ளேயே நல்லது கிடைக்கும். பிராண்டுக்கும் பளபளப்புக்கும் கொடுக்கும் காசை வேறு மூன்று இடத்தில் கொடுங்கள்: குதிகாலைப் பிடிக்கும் பின்வார், கூட்டிக் குறைக்க முடிகிற வெல்க்ரோ, விரலை நெருக்காத அகலமான முன்பக்கம். ஆணி அடித்த செருப்பு வேண்டாம், ஒட்டியதோ தைத்ததோ போதும். மரத்த காலுக்கு விரலிடுக்கில் வார் ஓடும் செருப்பு ஆகவே ஆகாது. வார் அறுத்த புண்ணைப் பலர் சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

பஸ் நிலையத்தைச் சுற்றிய நடைபாதையில் 'ஆம்பூர் எக்ஸ்போர்ட் சரக்கு' என்று குவித்து விற்பார்கள். சிலவற்றில் தோல் நன்றாகவே இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தையல் கோணலாகி, ஒரு காலுக்கும் மறு காலுக்கும் அரை சைஸ் வித்தியாசம் வந்து கழித்துக்கட்டியதும் அதே குவியலில்தான் இருக்கும். அங்கே தாள் சோதனை இரண்டு காலுக்கும் கட்டாயம். பில் கிடையாது, ஆகவே பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போயும் பயனில்லை. உணர்ச்சி நன்றாக இருக்கும் காலென்றால் துணிந்து வாங்கலாம். சர்க்கரைக் கால் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கால் மரத்தவர்களுக்கென்றே எம்சிஆர் செருப்பு இருக்கிறது. மிருதுவான நுண்துளை ரப்பர் தளம், பின்வார், ஆணி கிடையாது. இது தொழுநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தில் அழுத்தம் விழுவதால்தான் என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரைக் காலுக்கும் அதே கணக்குதான். தொழுநோய் பாதித்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக இது இலவசம். தொழுநோய் என்ற பெயருக்குக் கூச்சப்பட்டு அந்த வகைச் செருப்பே வேண்டாம் என்று சொன்ன சர்க்கரை நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். விரலைவிட வெட்கம் பெரிதா?

அரசு மருத்துவமனைக்குப் போனால் மாத்திரைச் சீட்டை மட்டும் புதுப்பித்துக்கொண்டு வராதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, "டாக்டர், காலைப் பாருங்க" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பல இடங்களில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பது ஒரு நிமிட வேலை. உணர்ச்சி குறைவு என்றால் அதையும், என்ன வகைக் காலணி வேண்டும் என்பதையும் ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். காலின் வடிவம் மாறிவிட்டவர்களுக்கு அந்தச் சீட்டு இல்லாமல் அளவெடுத்துச் செய்யும் இடத்தில் வேலை நடக்காது.

புதுச் செருப்பை முதல் நாளே கோயிலுக்குப் போட்டுப் போகாதீர்கள். வீட்டில் அரை மணி நேரம், கழற்றிப் பார்ப்பது. மறுநாள் ஒரு மணி நேரம். சிவந்த தடம் சீக்கிரம் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அழுத்துகிறது. குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கட்டும். காஞ்சியில் இன்னொரு சங்கடம், எத்தனை நல்ல செருப்பானாலும் கோபுர வாசலில் கழற்றத்தான் வேண்டும். சித்திரை, வைகாசி நடுப்பகலில் ஏகாம்பரநாதர் பிரகாரக் கல்லில் மரத்த கால் கொப்பளித்த பிறகும் நடந்துகொண்டே இருக்கும். விடியற்காலையில் போய் வாருங்கள். திரும்பி வந்து போடும்போது செருப்பை உதறிப் போடுங்கள். உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கால் சொல்லாததைக் கை சொல்லும்.

இனி பில். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கடைக்காரரும் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. ஆனால் கவனியுங்கள்: அடி பிரிந்தால் அது பழுது, அளவு சரியில்லை என்பது பழுதாகாது. அதற்கு இந்தச் சட்டத்தை நம்பி வாதாட முடியாது. எனவே பணம் கொடுப்பதற்கு முன்பே, 'அளவு பொருந்தாவிட்டால் 7 நாளில் மாற்றித் தரப்படும்' என்று பில்லின் மேல் பேனாவால் எழுதி முத்திரை வாங்குங்கள். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள். நான் ஒரு கடையில் கேட்டபோது முதலாளி சிரித்தார். எழுந்து கிளம்பியதும் எழுதிக் கொடுத்தார்.

தகராறு என்றால் முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், செலவில்லை. அதில் தீரவில்லை என்றால் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் கடைக்கு ஒரு கடிதம், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து. பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் தாசில்தாரிடமும் போலீசிடமும் அலைய வேண்டாம், அது தொழிலாளர் துறையின் வேலை. ஐஎஸ்ஐ முத்திரை போலி என்று சந்தேகம் வந்தால், அதன் கீழே உள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்த பில்தான். இப்போது பல கடைகளில் தருவது வெப்பத்தில் அச்சாகும் வழவழத் தாள். பர்ஸுக்குள் இருந்தால் சில மாதத்தில் எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, பாதம் வரைந்த தாளோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.