கரைவலை இழுப்பவருக்கு ஜிம் எதற்கு?

கொட்டியாரக் குடாவின் கரையில் வலை இழுப்பவரின் தசைக்கு, தன்னை எதிர்ப்பது கடல்நீரா இரும்புத் தட்டா என்று தெரியாது. தசை சுருங்கும்போது அதன் கலங்களுக்குள் இருக்கும் குளூட்-4 என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்து, இன்சுலினின் ஏவல் இல்லாமலேயே குருதியின் சர்க்கரையை உள்ளே எடுக்கிறது. மூதூர்க் கடைத்தெருவுக்குச் சைக்கிள் மிதித்தாலும் நடப்பது இதுவே. லண்டனின் மாடி பஸ்களில் நாள் முழுக்கப் படியேறிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய சாரதிகளைவிட இதயநோய் குறைவு என்று மருத்துவ ஆய்வாளர் ஜெரி மொரிஸின் குழு 1953இல் காட்டியது. சாரதிகள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்திருக்கலாமே? நியாயமான கேள்வி. மொரிஸே சீருடைகளின் இடுப்பளவை வைத்து அதைச் சோதித்தார். மெலிந்தவரோ பருத்தவரோ, நடத்துநருக்கே அனுகூலம் இருந்தது.

அப்படியானால் வலை இழுப்பவருக்கும் வயலில் குனிபவருக்கும் இதயநோயே வரக்கூடாதே? வருகிறது. மணிக்கணக்கில் ஓய்வின்றிப் பாரம் தூக்கினால் குருதி அழுத்தம் இறங்க நேரம் கிடைப்பதில்லை. புகையிலையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். உழைப்புக்குப் பின்வரும் ஓய்வில்தான் தசை தன்னைச் சீர்செய்துகொள்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும். முதலாவதை நடையும் சைக்கிளும் தந்துவிடும். மேசை வேலைக்காரர் மெனக்கெட வேண்டியது இரண்டாவதுக்குத்தான்: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தெழுந்து அமர்வது, சுவரில் கைவைத்து உடலைத் தள்ளுவது. வெயிலைச் சாட்டித் தப்பவும் வழியில்லை, இரண்டும் வீட்டுக்குள் செய்பவை. எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பழகிய சுமைக்குத் தசை மேலும் வலுப்பதில்லை.