அடையாற்றங்கரையோடு: ஆழ்வாரைக் காக்கவைத்த தண்ணீர்

தாம்பரத்தில் குளிர் என்றால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் மார்கழி பிறந்துவிட்டால் இங்கே காலை நடைக்காரர்களின் தலையில் மப்ளர் ஏறிவிடுகிறது. ஆற்றை ஆதனூர் ஏரியில் பிடித்த நாம் இந்த வாரம் முடிச்சூரைக் கடந்து திருநீர்மலைக்கு வருகிறோம்.

அடையாற்றை அழகாகப் பார்க்க இதுதான் பருவம். ஐப்பசி, கார்த்திகை மழை அழுக்கை அடித்துக்கொண்டு போயிருக்கும். பனிமூட்டம் மிச்சத்தை மறைத்துவிடும். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓட, கரையோரச் சீமைக்கருவேலத்தில் கொக்குகள் இறக்கை உலர்த்தும்.

திருநீர்மலையில் பெருமாள் நான்கு கோலம். அடிவாரத்தில் நீர்வண்ணராக நிற்கிறார். மலைமேல் நரசிம்மராக அமர்ந்து, அரங்கநாதராகக் கிடந்து, உலகளந்தவராக நடக்கிறார். மேலே பெருமாளை வணங்கிய வால்மீகிக்கு ராமனைக் காணும் ஆசை தீரவில்லையாம். கீழே இறங்கியதும் ராமனாகக் காட்சி கிடைத்தது என்கிறது தலபுராணம்.

எனக்குப் பிடித்தது திருமங்கையாழ்வார் கதைதான். அவர் வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளம். வழிப்பறி செய்தாவது அடியார்களுக்குச் சோறு போட்டவர். ஆடல்மா என்று பேர்பெற்ற குதிரை வேறு வைத்திருந்தவர். அப்படிப்பட்டவரே ஆறு மாதம் கரையில் காத்திருந்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் மலையேறினாராம்.

ஆறு மாதமா என்று இழுப்பவர்கள் மேலேறி நின்று நாலாபுறமும் பார்க்கட்டும். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் ஏரிகளின் உபரிநீர் தெற்கிலிருந்து வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் மேற்கிலிருந்து வந்து இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் அடையாற்றில் சேர்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் பெருகினால் தண்ணீர் எங்கே போகும்?

2015 டிசம்பர் 1 அன்று அதுதான் நடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு ஓடியது. பழி முழுவதும் செம்பரம்பாக்கத்தின் தலையில் விழுந்தது. முடிச்சூரைப் பொறுத்தவரை அது சரியல்ல. அந்த உபரிநீர் சேரும் இடத்துக்கு மேலே இருக்கிறது முடிச்சூர். அங்கே புகுந்தது மேலேரிகளின் தண்ணீர். அது ஓட வேண்டிய பாதையில்தான் நாம் மனை போட்டோம்.

இப்போது அந்தத் தெருக்களில் நடந்தால் சில வீடுகளின் வாசல் சாலையைவிட இடுப்புயரம் மேலே இருப்பதைக் காணலாம். பழைய வீட்டையே ஜாக்கி கொடுத்துத் தூக்கியவர்களும் உண்டு. பக்கத்திலேயே புது மனைக்கு மண் கொட்டி மேடாக்குகிறார்கள். அடுத்த மழைக்கு அந்தத் தண்ணீர் எதிர்வீட்டுக்குப் போகும்.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் மலையேறிவிடுங்கள். பாறைப் படி பத்து மணிக்கே சுடும். அடுத்த வாரம், சேக்கிழார் பிறந்த குன்றத்தூர்.