மிதக்கும் மரம் நீருள் தங்குமாறு

கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட நாவுக்கரசர், அக்கல்லே புணையாகத் திருப்பாதிரிப்புலியூரின் பக்கத்தே கரையேறினார் என்று பெரியபுராணம் கூறும். கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்னும் பெயர் இன்றும் அந்நிகழ்ச்சியை நினைவூட்டி நிற்கிறது. கல் மிதந்ததாகப் போற்றப்படும் இம்மண்ணில், ஒரு மரத்துண்டைக் கல்லோடு பிணித்து அமிழ்த்த நாம் பட்ட பாட்டை எழுதப் புகுந்தால் சிலர் நகைக்கக் கூடும். ஆயினும் மீன்தொட்டி வைத்திருப்போர்க்கு இது பயன்படும்.

2015ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் கடலூர் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. வெள்ளம் வடிந்தபின் திருவந்திபுரத்தில் கெடிலத்தின் கரையோரம் மரத்துண்டுகள் பல ஒதுங்கிக் கிடக்கக் கண்டோம். ஆணித்துளையும் வண்ணப்பூச்சும் உடையவற்றை நாம் தொடவில்லை. பூச்சு மீனுக்கு நஞ்சு என்பது ஒரு காரணம். அவை எவர் வீட்டு உத்தரமோ, எவர் வீட்டு நிலையோ என்ற எண்ணம் மற்றொரு காரணம். நீர் அரித்து வழவழப்பாக்கிய வேர்த்துண்டு ஒன்றை மட்டும் வீட்டிற்குக் கொணர்ந்தோம். காய்ந்தபின் அதன் எடை 2 கிலோ.

தொட்டியில் இட்டதும் அது மிதந்தது. சணற்கயிற்றால் ஒரு கல்லைக் கட்டி அடியில் இருத்தினோம். சணல் நீரில் இற்றுப்போகும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. சில நாள் கழித்து ஒரு நள்ளிரவில் கயிறு அற்று, மரம் மேலெழுந்து பக்கத்துக் கண்ணாடியில் மோதியது. விடியற்காலையில் தரையெல்லாம் நீர். ஐந்து மீன்கள் மாண்டு கிடந்தன. குழந்தைகள் அன்று நம்மோடு பேசவில்லை. அதன் பின்னரே, மரம் ஏன் மிதக்கிறது என்று முறையாக அறிய முற்பட்டோம்.

மரத்தின் நுண்ணறைச் சுவர்கள் நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தி உடையவை. இலவமாயினும் தேக்காயினும் இதில் பெரும் வேறுபாடு இல்லை. அங்ஙனமாயின் மரம் அனைத்தும் அமிழ வேண்டுமன்றோ? அமிழவொட்டாமல் தடுப்பது அறைகளுக்குள் அடைந்து கிடக்கும் காற்று. சுவர் தடித்து, காற்றுக்கு இடம் குறைந்த செம்மரமும் கருங்காலியும் இட்டவுடனே அமிழ்வதை இதனால் விளங்கிக்கொள்ளலாம். ஆகவே நாம் செய்ய வேண்டுவது ஒன்றே: காற்றை வெளியேற்றி, அவ்விடத்தில் நீரை நிரப்புதல்.

கட்டுமரம் என்ற சொல்லை உலக மொழிகளுக்கு ஈந்த நம் மீனவர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர விடுவது அவர்கள் வழக்கம். நீர் ஏறிய மரம் மிதப்புக் குறையும். (ஃபைபர் படகுகள் பெருகியபின் அக்காட்சி அருகிவிட்டது.) ஊர்ப்புறத்தார் மூங்கிலையும் தென்னங்கட்டையையும் குளத்தில் போட்டு, மேலே கல்லேற்றி, மாதக்கணக்கில் ஊற வைப்பர். பூச்சி அரியாதிருக்கவே அங்ஙனம் செய்வர்; அதனோடு மரம் நீரும் குடித்துவிடும். மீன்தொட்டி மரத்திற்கும் இதுவே சிறந்த வழி. ஒரு வாளியிலோ தொட்டியிலோ முழுக அழுத்தி வைத்து, நாள்தோறும் நீரை மாற்றினால் போதும். சில மரங்களுக்கு இரண்டு வாரம், சிலவற்றிற்கு ஆறு மாதம்.

விரைவு வேண்டுவோர் கொதிக்க வைக்கலாம். சூட்டில் உட்காற்று விரிந்து வெளியேறும். அதே நீரில் ஆறவிட்டால், சுருங்கும் காற்றின் இடத்தை நீர் பற்றும். கொதித்தவுடனே வெளியே எடுப்பவர் பாதிப் பயனை இழப்பர். விருந்துக்குப் பயன்படும் அண்டாவில் நாம் இதைச் செய்தபோது வீட்டார் முகத்தில் தோன்றிய மெய்ப்பாட்டைத் தொல்காப்பியத்தின் எண்வகையுள் எதில் அடக்குவதென்று இன்றும் தெளியவில்லை. தேநீர் நிறத்தில் இறங்கும் சாயம் மரத்தின் துவர்ப்புப் பொருள். பெரும்பாலும் மீனுக்குத் தீங்கில்லை. கடற்கரையில் எடுத்த மரமாயின் உப்பு நீங்க நெடுநாள் ஊற வேண்டும். அழுத்தினால் நசுங்கும் உளுத்த மரத்தைத் தொட்டியில் இடலாகாது.

அதுவரை கல்லைக் கட்டித்தான் ஆக வேண்டும். எவ்வளவு கல்? நம் மரத்தின் அடர்த்தி நீரில் 0.8 பங்கு. 2 கிலோ மரம் முழுகினால் இரண்டரை லிட்டர் நீரை விலக்கும். எனவே அரைக்கிலோ விசையுடன் மேலே தள்ளும். கருங்கல் நீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாக இழக்கும். ஆகவே அரைக்கிலோ கல் போதாது. 800 கிராம் வேண்டும். ஒரு கிலோ வைப்பது காப்பு. கடப்பைக் கல் பலகை எளிதில் கிடைக்குமாயினும் அது சுண்ணாம்புக் கல் இனம். நீரைக் கடினமாக்கக் கூடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியோ நைலான் நரம்போ கொண்டு பிணிக்கலாம். செம்புக் கம்பி கூடவே கூடாது.

அமிழ்ந்த மரம் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பார் திருவக்கரைக்குச் செல்லலாம். அங்குள்ள கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் வந்து மணலுள் புதைந்து கல்லானவை. வேரும் கிளையும் இன்றிக் கிடப்பதால், அவை அங்கே வளர்ந்தவை அல்ல, அடித்து வரப்பட்டவை என்பர். அவை கிடக்கும் படிவத்திற்கு நிலவியலார் இட்ட பெயர் கடலூர் மணற்கல்.

நான்காம் மாதம் நைலானை அறுத்துக் கல்லை நீக்கினோம். மரம் அசையவில்லை. புதிதாக வாங்கிய மீன்கள் அதன் வளைவிற்குள் புகுந்து மறுபுறம் வரக் கண்டு, குழந்தைகள் நம்மை அழைத்துக் காட்டினர்.