அச்சப் படங்களின் தொடர்ச்சி

தொடர்ச்சியாக எழும் படைப்பு முதற்படைப்பினும் தாழ்ந்தே நிற்கும் என்பது பலர் கொள்கை. அச்சத்தைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களில் இது முற்றும் பொருந்துமா என்பதற்கு அமெரிக்க யூனிவர்சல் நிறுவனத்தின் பிராங்கன்ஸ்டைன் படவரிசை தக்க சான்றாகும்.

1931-இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய முதற்படத்தில், போரிஸ் கார்லாப் நடித்த செயற்கை மனிதன் பேசுவதில்லை. உறுமலே அவன் மொழி. 1935-இல் வேல் அவர்களே இயக்கிய 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்' என்னும் படத்தில் கண்பார்வையற்ற துறவி ஒருவர் அவனுக்குச் சொற்களைக் கற்பிக்கின்றார். கார்லாப் இம்மாற்றத்தை விரும்பவில்லை. ஆயினும், சொல் பெற்ற அவன் நட்பை நாடுகின்றான். தன் தனிமையை உணர்கின்றான். அச்சம் என்னும் மெய்ப்பாடு ஈண்டு அழுகையாகக் கனிகின்றது. இப்படம் முதற்படத்தினும் சிறந்தமை இதனாலேயாம்.

1939-இல் வந்த மூன்றாம் படத்தில் அவன் மீண்டும் ஊமையானான். இகோர் என்பான் ஏவக் கொலைபுரியும் கருவியானான். இகோர் வீழ்ந்து கிடக்கக் கண்டு அவன் அலறும் காட்சியில் மட்டும் பழைய உள்ளம் தோன்றி மறைகின்றது. 1948-இல் அவன் நகைச்சுவைப் படமொன்றில் சிரிப்பிற்குத் துணையாகி நின்றான்.

எனவே, தொடர்ச்சி என்பதனாலேயே ஒரு படம் தாழ்வதில்லை. முன்னது ஈட்டிய உள்ளத்தைப் பின்னது கைவிடும்போதே தாழ்கின்றது எனத் துணியலாம்.