மனச்சிதைவும் தாய்வழி மரபும்

அரபியில் பித்து நிலைக்கு ‘ஜுனூன்’ என்று பெயர். இதன் வேர்ச்சொல்லுக்கு மறைத்தல் என்பது பொருள். ‘ஜின்’ என்பதும், கருவிலுள்ள சிசுவைக் குறிக்கும் ‘ஜனீன்’ என்பதும் அவ்வேரினின்று கிளைத்தவையே. அறிவு மறைக்கப்பட்டவன் மீது ஷரீஅத் கடமைகளைச் சுமத்துவதில்லை. நம் மக்களோ ஜின்னைத் தேடுகின்றனர். அது அகப்படாவிடில் பெற்ற தாயைக் குறை கூறுகின்றனர்.

இப்பழிக்கு அறிவியலையும் சாட்சிக்கு அழைப்போர் உளர். உயிரணுவுக்கு ஆற்றலை ஆக்கித்தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனியே 37 மரபணுக்கள் உண்டு; அவை தாய்வழியே வருபவை. உடலெடையில் ஏறத்தாழ 2 விழுக்காடேயான மூளை, உடலாற்றலில் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. மரணித்த மனச்சிதைவு நோயாளிகளின் மூளைத் திசுவில் மைட்டோகாண்ட்ரியா சார்ந்த மரபணுக்களின் வெளிப்பாடு மாறியிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2004இல் அறிவித்தனர்.

ஆயினும் மரபணு வேறு, அதன் வெளிப்பாடு வேறு. ஏடு ஒன்றே, அதில் எப்பக்கம் எத்துணை முறை ஓதப்படுகிறது என்பதே வெளிப்பாடு. மேலும், மைட்டோகாண்ட்ரியாவில் பணியாற்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13 மட்டுமே அதன் சொந்த மரபணுக்களால் ஆக்கப்படுகின்றன. எஞ்சியவற்றுக்குரிய மரபணுக்கள் உயிரணுவின் உட்கருவில் உள்ளன. அங்கே தந்தைக்கும் பங்குண்டு!

2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொரு சிக்கலையும் எடுத்துக்காட்டினர். திசுவின் அமிலத்தன்மையால் நேரும் மாறுதலைக் கழித்த பின்னும் வெளிப்பாட்டில் குறைவு தென்பட்டது. எனினும் அது நோயாளிகள் உட்கொண்ட மருந்துகளின் விளைவாகலாம் என்றனர். (இதைக் காட்டி மருந்தை நிறுத்துவது பேதைமை.) ஆக, இறந்த மூளையில் கண்ட மாற்றம் நோயின் காரணமா, விளைவா, மருந்தின் தடமா எனும் வழக்கு இன்னும் தீரவில்லை, அதில் தாய் பிரதிவாதியும் அல்லள்.